உள்ளே விடமாட்டார்கள் என்றேன்

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் சிட்டி ஃபீல்டு என்று ஒரு பேஸ்பால் மைதானம் இருக்கிறது. மெட்ஸ் அணியின் சொந்த மைதானம். அதற்குள் வீட்டுச் சாப்பாட்டை எடுத்துப்போகலாம். வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். மூடி திறக்காத சின்னத் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை இல்லை. 2017 கோடையில் இந்த விதி எனக்குத் தெரியும். நானே தேடிப் படித்திருந்தேன். அக்காவின் மருமகள் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டித் தருகிறேன் என்று சொன்னபோது, "அதெல்லாம் உள்ளே விடமாட்டாங்கம்மா" என்றேன்.

தெரிந்தே சொன்ன பொய்.

எங்கள் வீட்டில் அந்த நாளைப் பற்றி வேறு ஒரு கதை இருக்கிறது. ரயில் தாமதம், கெட்ட நேரம், யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்று போகும் அந்தக் கதை. அதை உண்டாக்கியவன் நான். இங்கே நான் எழுதுவது அந்தக் கதையை அல்ல. கேட்டுவிட்டு நீங்கள் என்ன தீர்ப்பு சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

நான் அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் திருச்சி, உறையூர். வேலையின் தொடக்க வருடங்கள் சென்னையில் ஒரு திருவல்லிக்கேணி மேன்ஷனில் கழிந்தன. சேப்பாக்கம் மைதானம் நடந்து போகிற தூரம். டெஸ்ட் ஆட்டம் நடந்தால் காலையில் மெஸ்ஸில் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போவோம். சாயங்காலம் வேறொரு மெஸ்ஸில் போய் உட்காருவோம். மைதானம் என்றால் சுற்றித் தெரு இருக்கும், தெரு என்றால் மெஸ் இருக்கும், பையில் இருக்கிற காசுக்கு ஏற்ற இலை எங்காவது விரிந்திருக்கும். இது எனக்கு உடம்பில் ஊறிப்போன எண்ணம்.

2017ல் சிட்டி ஃபீல்டைச் சுற்றி அப்படி ஒன்றுமே கிடையாது. கார் நிறுத்துமிடம். அதைத் தாண்டினால் நெடுஞ்சாலைகள். ஒரு பக்கம் ஃபிளஷிங் மெடோஸ் பூங்கா. இன்னொரு பக்கம் வில்லட்ஸ் பாயின்ட் என்கிற இடம். அப்போது அங்கே தகரக் கொட்டகைகளில் கார் மெக்கானிக் ஷெட்டுகள் மிச்சமிருந்தன. டயர் அடுக்குகளும், தண்ணீர் தேங்கிய குழிகளும். ஒரு டீ குடிக்க இடம் தேடினால் கால்தான் வலிக்கும்.

அமெரிக்காவில் எல்லா மைதானமும் இப்படி இல்லை. பாஸ்டனின் ஃபென்வே பார்க் 1912ல் திறந்தது, சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு 1914ல். ஜனங்கள் ட்ராமிலும் ரயிலிலும் வந்து இறங்கிய காலம். மதிலை ஒட்டியே வீடும் கடையும் இருக்கும். குயின்ஸ் கதை வேறு. 1950களில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் முதலாளி வால்டர் ஓமாலி, புரூக்ளினிலேயே புது மைதானம் கட்ட இடம் கேட்டார். நகரத்தில் எந்தச் சாலை எங்கே போகலாம் என்று தீர்மானித்துக்கொண்டிருந்த ராபர்ட் மோசஸ் அதற்கு மசியவில்லை. வேண்டுமானால் குயின்ஸில் இந்தப் பூங்கா ஓரம் இருக்கிறது, எடுத்துக்கொள் என்றார். ஓமாலி 1957 சீசன் முடிந்ததும் அணியைத் தூக்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டார். மோசஸ் காட்டிய இடத்தில் 1964ல் ஷே ஸ்டேடியம் வந்தது. புதிதாகப் பிறந்திருந்த மெட்ஸ் அணி அதில் குடியேறியது. காரில் வருகிறவர்களை நினைத்துப் போட்ட திட்டம் அது. 2009ல் திறந்த சிட்டி ஃபீல்டு, ஷேயின் கார் நிறுத்துமிடத்தில் எழுந்தது. ஷேயை இடித்து, அந்த இடத்தைக் கார் நிறுத்துமிடம் ஆக்கினார்கள். பசித்தவன் வெளியே நாலு எட்டு வைக்கத் தெரு இல்லை. உள்ளே வாங்கினால், 2017ல் ஒரு ஹாட் டாக் ஆறேழு டாலர். பீர் விலையைக் கேட்காமல் இருப்பது நல்லது.

ஆனால் மலிவான சாப்பாடு ஒரே ஒரு ஸ்டேஷன் தள்ளி இருக்கிறது. அது எனக்குத் தெரிந்ததுதான் வினையாயிற்று.

அக்கா மகனின் வீடு ஜாக்சன் ஹைட்ஸில். வசந்த காலத்தில் போய்ச் சேர்ந்தேன். அக்கா எனக்கு முன்பே வந்திருந்தாள். பகலில் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் மெட்ரோ கார்டை எடுத்துக்கொண்டு 7ஆம் நம்பர் ரயிலில் ஏறிவிடுவேன். ரூஸ்வெல்ட் அவென்யூவின் தலைக்கு மேல், இரும்புப் பாலத்தில் ஓடுகிற ரயில். கீழே எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் ஒரு நாட்டின் அடுப்பு எரியும். 74ஆவது தெருப் பக்கம் திபெத்திய, நேபாள மோமோ வண்டிகள். கரோனாவில் மெக்ஸிகோக்காரப் பெண்கள் காலையில் தமாலே விற்பார்கள். சோள மாவை மடலில் பொதிந்து ஆவியில் வேகவைத்தது, நம் இலைக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. 108ஆவது தெருவில் எலுமிச்சை ஐஸ் விற்கும் பழைய இத்தாலியக் கடை. கடைசி ஸ்டேஷன் ஃபிளஷிங் மெயின் ஸ்ட்ரீட். அங்கே சீனர்களின் ராஜ்ஜியம். பேஸ்மென்ட்களுக்குள் இறங்கினால் கையால் இழுத்த நூடுல்ஸ், தட்டு நிறைய டம்ப்ளிங். அக்கா அசைவம் தொடமாட்டாள். நான் தொடுவேன். அப்போது ஐந்தாறு டாலரில் வயிறு நிறைந்தது.

மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து அரை மணிக்குக் கொஞ்சம் குறைவாக நடந்தால் பௌன் ஸ்ட்ரீட்டில் பிள்ளையார் கோயில். ஐ.நா.வில் வேலை பார்த்த அழகப்பா அழகப்பன் முன்நின்று 1970ல் தொடங்கிய சங்கம், 1977ல் கும்பாபிஷேகம் செய்த கோயில். அதன் கீழ்த்தளத்தில் கேன்டீன். பிளாஸ்டிக் தட்டு, சாம்பார் வாசனை, கூட்டம். மைதானத்துக்குள் ஒரு ஹாட் டாக் விற்ற விலைக்கு அப்போது இங்கே மசால் தோசை.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எந்தக் கடை, என்ன விலை, எவ்வளவு வயிறு நிறைந்தது. அப்போது ஒரு டாலர் 64, 65 ரூபாய். விலைக்குப் பக்கத்தில் ரூபாய்க் கணக்கும் போடுவேன். ராத்திரி சாப்பாட்டு மேசையில் படித்துக் காட்டுவேன். அக்கா மகன் சிரிப்பான். "மாமா, பதினஞ்சு வருஷமா இங்கே இருக்கேன், எனக்கே தெரியாதே." அந்த ஒரு வாக்கியத்துக்காக மறுநாளும் ரயில் ஏறுவேன். அந்த வீட்டில் நான் பிரயோஜனமாக இருந்த ஒரே விஷயம் அது என்று எனக்குள் ஒரு எண்ணம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானே நினைத்துக்கொண்டது.

இங்கேதான் பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் அவனுக்குத் தாய்மாமன். அவனுக்குக் காது குத்தியது என் மடியில் வைத்து. அவன் தங்கைக்குச் சீர் செய்தவன் நான். அந்த ஊரிலோ பஸ்ஸுக்கும் காப்பிக்கும் அவன் கொடுக்கிற டாலர்தான். அவன் முகம் சுளித்ததே இல்லை. கேட்கும் முன்பே மேசை மேல் வைத்துவிட்டுப் போவான். குறை அவனிடம் இல்லை. வாங்குகிற கை கூசியது. திருச்சிக்குத் திரும்பும்போது பேத்திக்கும் சம்பந்தி வீட்டுக்கும் என் கையால், என் பணத்தில் ஏதாவது வாங்கிப்போக வேண்டும். "அமெரிக்காவிலேர்ந்து மாமா வாங்கிட்டு வந்தார்" என்று பேச வேண்டும். ரூபாய் பென்ஷனை மாற்றிச் செலவு செய்ய மனம் வரவில்லை. யாரும் கணக்குக் கேட்காத கொஞ்சம் டாலர் வேண்டும். அதற்கு வழி தேடிக்கொண்டிருந்தேன்.

ஜூலையில் ஒரு சாயங்கால ஆட்டத்துக்கு அக்கா மகன் டிக்கெட் எடுத்தான். எனக்கு, அக்காவுக்கு, அவன் பையனுக்கு. அவனுக்கு அன்று ஆபீஸில் வேலை. பையனுக்குப் பதினோரு வயது. மெட்ஸ் என்றால் உயிர். அன்று முதலில் வருகிற சில ஆயிரம் பேருக்கு ஆட்டக்காரரின் தலையாட்டிப் பொம்மை இலவசம். பையன் ஒரு வாரமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

முந்தின ராத்திரிதான் மருமகள் புளியோதரைப் பேச்சை எடுத்தாள். சாப்பாடு கட்டினால் பணம் வராது. இதுதான் என் தலையில் ஓடியது. இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. உள்ளே விடமாட்டாங்க என்றேன். சேப்பாக்கத்தில் சாப்பாடோ தண்ணீரோ கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பொய்க்கு உண்மையைத் துணைக்கு வைப்பது கணக்கு ஆபீஸில் கற்றது.

காலையில் அக்கா மகன் ஆறு இருபது டாலர் நோட்டுகளைக் கொடுத்தான். "உள்ளேயே வாங்கிச் சாப்பிடுங்க மாமா. விலையைப் பார்க்காதீங்க. அம்மாவுக்கு மட்டும் நேரம் தப்பக் கூடாது." அக்காவுக்குச் சர்க்கரை. இரண்டு வேளை இன்சுலின் ஊசி.

என் திட்டம் இது. கோயில் கேன்டீனில் மூன்று பேருக்கும் ஒரு நோட்டுக்குள் முடித்துவிடுவது. மீதி ஐந்து நோட்டு எனக்கு. பொம்மை கிடைக்காது. ஆட்டத்தின் முதல் ஒன்றிரண்டு இன்னிங்ஸ் போய்விடும். ஒன்பது இருக்கிறதே, இரண்டு போனால் என்ன என்று பையனுக்காக நானே முடிவு செய்தேன். அவனிடம் சொல்லவில்லை. "பொம்மை கிடைச்சிடும்ல தாத்தா?" என்று கேட்டான். "கிடைக்கும்டா" என்றேன்.

ஐந்தரைக்கு அக்கா ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள். "சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி" என்றேன். அரை மணியில் முடியாது என்று எனக்குத் தெரியும். கேன்டீனுக்குப் போய் இறங்கிய பிறகு போட்டுக்கொள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால், ஏன், எங்கே போகிறோம் என்று கேள்வி வரும். மருமகள் சமையலறையில் இருந்தாள். அவள் காதில் விழும். அக்கா ஊசி போட்டுக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரயில் நடுவழியில் நின்றது உண்மை. கரோனாவைத் தாண்டும் முன் பாலத்தின் மேல் நின்றுவிட்டது. பெட்டி முழுக்க மெட்ஸின் நீலமும் ஆரஞ்சும். ஏ.சி. சரியாக ஓடவில்லை. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ரயில் தாமதம் என் குற்றம் இல்லை. அதன் பிறகு நடந்தது எல்லாம் என் குற்றம்.

மெட்ஸ்–வில்லட்ஸ் பாயின்ட் ஸ்டேஷனில் கதவு திறந்தது. நேர் எதிரே மைதானம். செங்கல் முகப்பு, உயரமான வளைவுகள். புரூக்ளின் டாட்ஜர்ஸின் பழைய எபெட்ஸ் ஃபீல்டை நினைவில் வைத்துக் கட்டியது. ஸ்டேஷன் படியிறங்கினால் ஜாக்கி ராபின்சன் பேரில் இருக்கிற வாசல். பெட்டியே காலியாகிக்கொண்டிருந்தது. பையன் எழுந்து நின்றுவிட்டான்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "டேய், இங்கேயே இறங்கிடலாம்டா. உள்ளே ஏதாவது இருக்கும். எனக்கு ஒரு மாதிரி வருது."

இந்த இடத்தில் நான் நின்று பார்க்க வேண்டும். நீங்களும் பார்க்க வேண்டும். கதவு திறந்திருந்தது. என் சட்டைப் பையில் 120 டாலர் இருந்தது. அது அவள் சாப்பாட்டுக்கென்று அவள் மகன் கொடுத்தது. படியிறங்கினால் உள்ளே பிரெட்ஸல் உண்டு, உருளைக்கிழங்கு வறுவல் உண்டு, சீஸ் பீட்ஸா உண்டு, ஐஸ்கிரீம் உண்டு. பையன் கதவருகே நின்று திரும்பி என்னைப் பார்த்தான். "ஒரு மாதிரி வருது" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவளோடு பல வருடங்கள் இருந்தவன். அவளுக்குச் சர்க்கரை இறங்கி நான் பார்த்திருக்கிறேன்.

"உள்ளே சைவம் ஒண்ணும் கிடைக்காதுக்கா. அடுத்த ஸ்டேஷன்தான். சூடா தோசை சாப்பிட்டுட்டு வந்துடலாம்."

பையன், "தாத்தா, பொம்மை..." என்றான்.

"உட்காருடா" என்றேன். சத்தமாகவே சொன்னேன். உட்கார்ந்துவிட்டான். கதவு மூடியது.

இதைக் கவனக்குறைவு என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கவனம் நிறையவே இருந்தது. ஒவ்வொரு நோட்டின் மேலும் இருந்தது.

மெயின் ஸ்ட்ரீட்டில் மேலே ஏறி வந்தபோது ஆறரை தாண்டிவிட்டது. அங்கிருந்து கோயில் பக்கம் பஸ் போகும். ரயிலுக்குத் தேய்த்த அதே மெட்ரோ கார்டில் இரண்டு மணி நேரத்துக்குள் பஸ்ஸுக்கு அப்போது தனிக் காசு கிடையாது. பஸ் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் சொல்வார்கள். கேட்க வெட்கம். வழி தெரிந்தவன் என்று பேர் வாங்கியவன், பேரன் முன்னால் ஆங்கிலத்தில் தடுமாறுவதா? நடந்தே கூட்டிப்போனேன். அக்காவுக்கு முழங்கால் வலியும் உண்டு.

அந்த நடைபாதையில் எத்தனை சாப்பாடு என்று சொல்லி மாளாது. கண்ணாடிப் பெட்டிகளில் பன் அடுக்கிய சீன பேக்கரிகள். சோயா பால், பழச்சாறு விற்கும் கடைகள். நடைபாதையிலேயே பரப்பிய பழங்கள். ஒரு கடையில் வாழைப்பழச் சீப்பு தொங்கியது. அக்கா நின்றாள். "ரெண்டு பழம் வாங்கேன்" என்றாள்.

ஒரு டாலர் ஆகியிருக்கும். என்னிடம் சில்லறை இல்லை. இருபது டாலர் நோட்டை முறிக்க வேண்டும். முறித்தால் அது சாப்பாட்டு நோட்டா, மீதி நோட்டா? மனதில் போட்ட கணக்கு கலைந்துவிடும் என்று தயங்கினேன். எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது. அன்றைக்கு அது எனக்கு நியாயமான யோசனையாகத் தெரிந்தது.

"இதோ வந்தாச்சுக்கா" என்று நடந்தேன்.

இரண்டு தெரு தாண்டியிருப்போம். அக்கா ஒரு கடை வாசலில் சாய்ந்து நின்றாள். ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து, "அப்பா வந்தாச்சா?" என்று கேட்டாள். எங்கள் அப்பா போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மறுபடியும் அதையே கேட்டாள். பிறகு அப்படியே வழிந்து நடைபாதையில் உட்கார்ந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

நான் நின்றேன். வேறு என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் செய்யவில்லை. "அக்கா, அக்கா" என்றுகூடக் கூப்பிட்டேனா என்று தெரியவில்லை.

பையன் ஓடினான். எதிரே இருந்த பேக்கரிக்குள் புகுந்து ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலோடு வந்தான். பாட்டியின் தலையை நிமிர்த்தி, வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். "மெதுவா பாட்டி, முழுங்கு" என்றான். ஊற்றிக்கொண்டே பேக்கரி அம்மாளிடம் ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னான். அந்த அம்மாள் ஃபோனை எடுத்து 911க்கு அடித்தாள். பிறகு ஒரு அட்டையை எடுத்து வந்து அக்காவுக்கு விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பையன் ஜூஸுக்குக் கொடுத்தது அவன் சேர்த்து வைத்திருந்த பணம். மைதானத்தில் தொப்பி வாங்க வைத்திருந்தது. பாட்டிக்கு இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று அவன் அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறான். எனக்கும்தான் சொல்லியிருந்தான்.

என் பையில் 120 டாலர் அப்படியே இருந்தது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அக்கா கண் திறந்துவிட்டாள். சர்க்கரை மறுபடி இறங்கலாம், வயது அதிகம் என்று சொல்லி ஓர் இரவு மருத்துவமனையில் வைத்துக்கொண்டார்கள். அக்கா மகன் ஆபீஸிலிருந்து ஓடி வந்தான். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிடலையா மாமா?"

இப்போது சொல்லப்போவதுதான் இந்த வாக்குமூலத்தில் எனக்கு எழுதக் கடினமானது. மற்றதெல்லாம் பேராசை, பெருமை, பயம் என்று பெயர் வைத்துவிடலாம். இதற்கு என்ன பெயர் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள்.

"ரயில் நின்னுபோச்சுப்பா. இவன் வேற பொம்மை பொம்மைன்னு அவசரப்படுத்தினான். முதல்ல ஸ்டேடியத்துக்குப் போகணும்னு ஒரே பிடிவாதம். அந்தக் குழப்பத்துல நேரம் போயிடுச்சு."

பையன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் சட்டையில் ஜூஸ் சிந்திய கறை இருந்தது. அவன் அப்பா அவன் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒரு பொம்மையைவிடப் பாட்டி முக்கியம் இல்லையா என்கிற மாதிரி, தணிந்த குரலில். பையன் என்னைப் பார்த்தான். நான் இல்லை என்று சொல்வதற்குக் காத்திருந்தான் என்று நினைக்கிறேன். நான் தண்ணீர் குடிக்கப் போனேன். அவன் அப்பாவிடம், "சாரி" என்றான்.

அக்கா மகன் ஏன் மெயின் ஸ்ட்ரீட்டில் இருந்தோம் என்று கேட்கவே இல்லை. ஸ்டேடியத்துக்குத்தான் பிடிவாதம் என்றால் அதைத் தாண்டி எப்படிப் போனோம்? கணக்குப் பார்க்கிறவன் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுகிற ஓட்டை. தாய்மாமன் பொய் சொல்வான் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு அக்கா தனியாக வெளியே போகப் பயந்தாள். என்னோடு வருவதற்கும் ஏதாவது சாக்குச் சொன்னாள். பனிக்காலம் பார்த்துவிட்டுத்தான் ஊருக்கு வருவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், டிக்கெட்டை முன்னால் மாற்றச் சொல்லிக் கிளம்பிவிட்டாள். மருத்துவமனைச் செலவில் பயணக் காப்பீடு கொடுத்தது போக மீதியை அக்கா மகன் கட்டினான். எவ்வளவு என்று என்னிடம் சொல்லவில்லை. மருமகள் ஒரு நாள், "புளியோதரையை ஒளிச்சு வச்சாவது கொடுத்தனுப்பியிருக்கணும்" என்று தன்னையே நொந்துகொண்டாள். நான் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பையனுக்கு அந்த ஆட்டம் போனது. அந்தக் கோடையில் வேறு ஆட்டத்துக்கு அவன் கேட்கவில்லை. நான் நோட்டை எடுத்துக் கடைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எழுந்து அறைக்குள் போய்விடுவான். கொஞ்ச நாளில் நானும் நோட்டை எடுப்பதை நிறுத்தினேன்.

பணத்தை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தக் களேபரத்தில் அவன் மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை. சாக்லேட், சென்ட், பேத்திக்கு ஒரு கைப்பை. உறையூரில் கொடுத்தேன். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். சம்பந்தி வீட்டில் அந்த சென்ட் பாட்டிலை இன்னும் ஷோகேஸில் வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்குப் போனால் அந்தப் பக்கம் முதுகு காட்டித்தான் உட்காருவேன்.

யாராவது சிட்டி ஃபீல்டுக்குப் போவதாக இருந்தால், நான் அன்று செய்திருக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் என் தகவல் சரியாகத்தான் இருந்தது. நேரம் இருந்தால் மெயின் ஸ்ட்ரீட் வரை போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒரு ஸ்டேஷன் திரும்பி வாருங்கள். ரூஸ்வெல்ட் அவென்யூ வழியாக ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நடந்தும் வரலாம். நேரம் இல்லையென்றால் அங்கே பன்னும் பழமும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். வீட்டில் கட்டிக்கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். விதிகள் மாறியிருக்கலாம், ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கூட வருகிறவர் பசிக்கிறது என்றால் அப்போதே, அங்கேயே, எந்த விலையானாலும் வாங்கிக் கொடுங்கள்.

அக்கா இப்போது என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறாள். போன மாதம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். புளியோதரையிலிருந்து சென்ட் பாட்டில் வரை. அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. ரயில் கதவு திறந்தபோது நான் யோசித்தது அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. "நீ சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தே" என்றாள். மகனிடம் அவள் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. எனக்கு மானம் இருக்கட்டும் என்று விட்டிருப்பாள்.

பையன் மேல் பழி போட்டது மட்டும் அவளுக்குத் தெரியாது. அப்போது அவள் உள்ளே படுக்கையில் இருந்தாள். அதைச் சொன்னபோது கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லை."

"என்கிட்ட எதுக்கு வந்து சொல்றே? போ, முதல்ல அவன்கிட்ட சொல்லு."

அவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆகவே இதை எழுதிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவன் நம்பர் என்னிடம் இருக்கிறது. இரண்டு தடவை எடுத்துவிட்டு, அங்கே இப்போது நடுராத்திரி, தூங்குவான் என்று வைத்துவிட்டேன். இரண்டு தடவையும் அங்கே பகல்தான்.